அவர் கேட்ட சாமி

பிப்ரவரி 4, சனி

நரம்பு டாக்டர் இன்று எனக்கும் ஒரு மருந்து சொல்லியிருக்கிறார். "நோயாளியப் பாத்துக்கறவங்கதாம்மா மொதல்ல ஒடஞ்சு போறாங்க. தினமும் எதாச்சும் எழுதி வைங்க. நல்லது கெட்டது எல்லாத்தையும் எழுதுங்க" என்றார். உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் பூச்சிமருந்து விளம்பரம். என் எழுத்துக்கு அது போதும்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. பெயர் வெற்றிமணி. கோபியிலிருந்து அந்தியூர் வரைக்கும் அவர் பேசாத மேடை கிடையாது. கடவுள் இல்லை, சாதி இல்லை என்று தொண்டை கட்டும்வரை பேசிவிட்டு வருவார். நான் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுப்பேன். குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவார். அப்படிப்பட்ட வாய்க்கு இப்போது சொற்கள் அகப்படுவதில்லை. கரண்டியைக் காட்டி "அது, அது" என்கிறார். மறதி நோய் வந்து மூன்றாவது வருஷம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் "வெற்றிமணி ஐயா" என்று கூப்பிட்டபோது அவர் திரும்பவே இல்லை. ஆதார் கார்டைப் பார்த்து "சென்னியப்பன்" என்று படித்தாள். உடனே "ம்" என்றார். அது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர். இருபது வயதில் அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டார். கார்டுக்காரர்களுக்கு மட்டும் அது தெரியாது.

"கடைசியாக் கத்துக்கிட்டதுதான் மொதல்ல போகும். சின்ன வயசுல படிஞ்சது கடைசி வரைக்கும் நிக்கும்" என்று டாக்டர் விளக்கினார். நான் தலையாட்டினேன். வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன், நல்ல பிஞ்சு.

பிப்ரவரி 9

அவருக்குப் புது டம்ளர் வாங்கினேன். பழையது நெளிந்துவிட்டது. இனி இது அவருக்கு மட்டும். என் டம்ளரைக் கலந்துவிடாமல் அடுப்படி மேடையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை.

பிப்ரவரி 13

இன்று ஒரு கூத்து. "எந்திரிங்க, குளிக்கலாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "சாமி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாய்தானே ஊர் ஊராகப் போய் சாமி இல்லை என்று சொன்னது. "எங்க இருக்குது சாமி? காட்டுங்க பாக்கலாம்" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மத்தியானம் "சாப்புடுங்க" என்றேன். அதற்கும் "சாமி" என்றார். சாயங்காலம் "மாத்திரை போட்டுக்கோங்க" என்றேன். "சாமி."

ஏதோ ஒரு சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. பால்காரரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும்தான் சொல்கிறார்.

பிப்ரவரி 20

தோழர் தண்டபாணி வந்தார். இவரோடு சேர்ந்து எங்கள் பகுத்தறிவு மன்றத்தை நடத்தியவர். "பேர்லயே முருகனத் தூக்கிட்டுத் திரியறீங்களே தோழர், தோள் வலிக்கலியா?" என்று இவர் கேலி செய்துகொண்டே இருப்பார். இன்று கேலி செய்ய ஆள் இல்லாமல் பாவம், அவரே அதை நினைவுபடுத்திப் பேசினார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டீ கொண்டுவந்து, "சூடா இருக்குதுங்க, மெதுவாக் குடிங்க" என்று இவர் கையில் டம்ளரைக் கொடுத்தேன். இவர் சத்தமாக, "சாமி" என்றார்.

தண்டபாணி டீயைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகம் செத்துப்போனது. "எத்தன நாளாம்மா இப்படி?" என்றார். பிறகு, "வெளியாளுங்கள உள்ள விடாதீங்க. அவனவன் இதுக்குத்தான் காத்துட்டு இருக்கறான்" என்றார். போகும்போது பழைய கதை ஒன்றைச் சொல்லி என்னை அழ வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கதை இதுதான். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் எனக்குச் சமையல் வேலை கிடைத்த புதிது. நான் ஆக்கிய சோற்றை மேல்தெருக் குழந்தைகள் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்டா நிறையச் சோறு அப்படியே இருந்தது. மறுநாள் மத்தியானம் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்து தட்டை நீட்டினார். "ரங்கு, எனக்குப் போடு" என்றார். சாப்பிட்டுவிட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்றார். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த ஊருக்கே தெரியும். பிறகு தினமும் வந்தார். கொஞ்ச நாளில் ஒரு பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது, அப்புறம் எல்லாம் வந்தன.

அவர் இன்னுங் கொஞ்சம் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 21

எழுத ஒன்றுமில்லை. பால் திரிந்துவிட்டது.

மார்ச் 3, வெள்ளி

அவருடைய தங்கை பழனாத்தாள் வந்தாள். இந்த வீட்டுப் படியை அவள் மிதிப்பது இதுதான் முதல் தடவை. எங்கள் கல்யாணத்தன்று அவர்கள் வீட்டில் இவருக்குத் தலைமுழுகினார்கள். அவள் கல்யாணத்துக்கு இவரைக் கூப்பிடவில்லை, என் மாமியார் செத்ததற்குச் சொல்லி அனுப்பவில்லை. இப்போது எப்படியோ சேதி போயிருக்கிறது.

"ஏம்மா, அண்ணன் சாமியக் கூப்புடறாராமே, நெசமா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தாள். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் அழைப்பார்கள். அவள் என்னை 'ஏம்மா' என்றாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைக் கூப்பிடுவது மாதிரி. பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டில் தண்ணீர் வந்தது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று, யாரும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

இவர் அவளைச் சரியாகக் கண்டுகொண்டார். "பழனா" என்றார். அவள் ஓவென்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன். அவள் திருநீறு பூசினாள், நெற்றியைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து நான், "வெய்யில் வருதுங்க, தள்ளி உக்காருங்க" என்றேன்.

"சாமி" என்றார்.

"பாத்தியா! பாத்தியா! எத்தன நாளைக்குத்தான் மறச்சு வெச்சிருப்பாரு? உள்ளுக்குள்ள இருந்திருக்குது!" என்று பழனாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

உள்ளுக்குள் இருந்தது என்பது வாஸ்தவம்தான்.

மார்ச் 10

இந்த டைரியிடமும் எத்தனை நாள் நடிப்பது? எல்லாவற்றையும் எழுதச் சொன்னார் டாக்டர்.

அந்தப் பழைய டம்ளர் நெளியவில்லை. என் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆளுங்க டம்ளர்" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். எத்தனை சொல்லியும் குடிக்கவில்லை. உதடு காய்ந்து கிடந்தது. அதனால்தான் கடைக்குப் போனேன்.

அவர் கேட்கிற சாமி கோயிலில் இல்லை. அது என் வாயிலிருந்து வரவேண்டிய சாமி.

அவர் தோட்டத்து வீட்டுப் பிள்ளை. நாங்கள் அந்தத் தோட்டத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். எங்கள் ஆட்கள் அவர்களைப் பேர் சொல்லக் கூடாது, முறை சொல்லக் கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். தொட்டிலில் கிடக்கிற குழந்தையாக இருந்தாலும் சாமிதான். என் அப்பா மாதன் தலை நரைத்த பிறகும் இடுப்பு உயரப் பிள்ளைகளைப் பார்த்து "கும்பிடறனுங்க சாமி" என்றுதான் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இவர்.

நேற்று மாத்திரையை நீட்டியபோது விரலை ஆட்டி, "சாமி, சாமி" என்று எடுத்துக்கொடுத்தார், பாடம் மறந்த பிள்ளைக்கு வாத்தியார் எடுத்துக்கொடுப்பது மாதிரி. நான் மாத்திரையையே நீட்டிக்கொண்டு நின்றேன். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ மாதன் மவதான?"

"ஆமாங்க."

"மாதன் சொல்லுவானே. நீயுஞ் சொல்லு."

அப்பாவுக்குத் தன்னை ஒரு நாளும் மறக்காது என்று எங்கள் மகள் இளவேனில் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறாள். உண்மைதான் கண்ணு. அவர் என்னையும் மறக்கவில்லை. நான் யார் மகள் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்.

என்னைப் பெண் கேட்டு அவர் எங்கள் தெருவுக்கு வந்த நாள் நினைவுக்கு வருகிறது. அப்பா வெலவெலத்துப் போய், "சாமி எதுக்குங்க இந்தப் பக்கம்" என்று கேட்டார். இவர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாமா, இன்னிமேல் அந்தச் சொல்லு உங்க வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றார். எங்கள் ஆட்களில் யாரையும் அவர்கள் வீட்டார் மாமா என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா அந்தச் சொல்லை அன்றோடு விட்டுவிட்டார். ஆனால் மாப்பிள்ளை என்று கூப்பிடவும் அவருக்கு நாக்கு வரவில்லை. அதனால் சாகும்வரை மருமகனை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று இருமுவார். இவர் உள்ளேயிருந்து, "மாமாதான்? உள்ள வாங்க" என்பார். வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வார், தெருவுக்கே கேட்கட்டும் என்று.

கடைசியில் கற்றது முதலில் போகுமாம். அப்படியென்றால் நான் அவர் பிறகு கற்றுக்கொண்டவள். என் சோறு, என் டம்ளர், என் பக்கத்தில் படுத்தது எல்லாம் அவர் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது வேறு. அவர் தேடிப் போய் எடுத்துக்கொண்டதெல்லாம் போய்விட்டது. கேட்காமலே ஊட்டியது மட்டும் தங்கியிருக்கிறது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை என்று எழுத நினைத்தேன். வருகிறது. சோறு பிசையும்போது வருகிறது.

மார்ச் 12, ஞாயிறு

இளவேனில் வந்திருந்தாள். அவள் பேசினால் அவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அவள் கொடுத்தால் எந்த டம்ளரிலும் குடிக்கிறார். என்னைப் போலச் சாயல் அவளுக்கு இல்லை, அவரைப் போல மூக்கு.

"சாவு பயத்துல மனசு எதையாச்சும் புடிச்சுக்கும்மா. அதான் கடவுள்" என்றாள். ஆமாம் என்றேன்.

மத்தியானம் தண்டபாணி போன் செய்தார். 'நாத்திகர் வெற்றிமணி கடவுளை அழைக்கிறார்' என்று யாரோ வாட்ஸாப்பில் போட்டு ஊரெல்லாம் சுற்றுகிறதாம். பழனாத்தாளின் பேரன் வேலையாக இருக்கும்.

"விடக் கூடாதும்மா. நாங்க நாலு பேரு ஒரு நாள் பூரா அவருகூட உக்காந்திருக்கறோம். எப்பச் சொல்றாரு, யாருகிட்டச் சொல்றாரு, எந்த வார்த்தைக்குப் பொறவு சொல்றாருன்னு வீடியோ எடுத்து வெச்சுப் பாத்தா, அது பக்தி இல்லன்னு நிரூபிச்சறலாம்."

நிரூபித்துவிடலாம்தான். எதையும் ஆராய்ந்து பார் என்று தண்டபாணிக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். ஒரு நாள் பூராவும் வேண்டாம், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார்கள். 'மாதன் மவதான' என்று ஒரு தடவை கேட்டால் முடிந்தது. சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர் பெண்டாட்டியிடம் என்ன கேட்கிறார் என்று அதையும் ஊர் ஊராகக் காட்டுவார்கள். நான் ஆக்கிய சோற்றை அவர் சாப்பிட்டதெல்லாம் வேஷம் என்று பேசுவார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 19

இனி நான் பொய் சொல்லப் போகிறேன். எழுதி வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

காலையில் கடைவீதியில் சாமி படம் கேட்டேன். "எந்தச் சாமிங்கம்மா?" என்றார் கடைக்காரர். "எதாச்சும் குடுங்க" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முருகனைக் கொடுத்தார். கூடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். இந்த வீட்டில் முதல் படம். ஆணி கோணலாக இறங்கிவிட்டது, முருகன் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறார்.

சாயங்காலம் தண்டபாணியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். படத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றார்கள்.

"ஆராய்ச்சியெல்லாம் வேண்டாங்க தோழர். அவரு சாமியத்தான் கூப்புடறாரு. நாந்தான் படம் மாட்டுனேன்."

"அம்மா, நீங்களா பேசறீங்க?"

"அவரு கேக்கறதக் குடுக்கறேன். நோயாளிதான்."

"அம்பது வருச உழைப்புங்கம்மா. ஒரே நாள்ல இப்படிப் போட்டு ஒடைக்கறீங்களே" என்றார். நான் கொண்டுவந்த டீயைத் தொடாமலே திரும்பிப் போனார்கள். நான்கு டம்ளர் டீயையும் வாசல் செடிக்கு ஊற்றினேன்.

என் புத்திக்கு எட்டியது இதுதான். சாமி கும்பிட்டான் என்ற பேர் அவருக்கு வரட்டும். நோயில் தளர்ந்துவிட்டான் என்று நான்கு பேர் சொல்வார்கள், மன்னிப்பார்கள். மற்றப் பேர் வந்தால் அவரை அவரே மன்னிக்க மாட்டார். நான் கடவுளை நம்புகிறவள் இல்லை. ஆனால் அவரை மறைக்க எனக்கு அந்தப் படம்தான் கிடைத்தது.

மார்ச் 26

மூன்று நாளாகப் பேதி. துவைத்துத் துவைத்துக் கை வெந்துவிட்டது. முருகன் படத்தில் பல்லி முட்டை வைத்திருக்கிறது.

ஏப்ரல் 2, ஞாயிறு

இன்று அவர் நன்றாக இருந்தார். காலையில் தானே எழுந்து வாசலுக்கு வந்தார். நான் கொடியில் துணி காயப் போட்டுவிட்டு வேர்த்துப் போய் நின்றிருந்தேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். பாதி தரையில் சிந்தியது.

"இந்தா, மாதன் மவளே. வெய்யில்ல நிக்கறயே. கைய நீட்டு."

சொம்பை உயரத் தூக்கிப் பிடித்தார். என் கை சொம்பில் படாத உயரம். அவர் வீட்டில் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள்.

நான் குனிந்து கையைக் குவித்து நீட்டினேன். அவர் ஊற்றினார். "நல்லாக் குடி, நெறையாக் குடி" என்றார். சொம்பு காலியானதும், "இன்னும் வேணுமா?" என்றார். அவர் முகத்தில் அத்தனை இரக்கம். அந்த வயதிலேயே நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறார். அம்மாவுக்குத் தெரியாமல் ஆளுங்களுக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். உயரத்தில் இருந்துதான் ஊற்றியிருப்பார். அது அவருக்குத் தெரிந்த இரக்கம்.

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வெகுநேரம் அழுதேன். தண்ணீர் கொடுத்தாரே என்று அழுதேனா, அப்படிக் கொடுத்தாரே என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 15

சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். இளவேனில் லீவு போட்டு வந்திருக்கிறாள். பழனாத்தாளும் தினமும் வருகிறாள், பாட்டிலோடு.

ஏப்ரல் 22, சனி

நேற்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இளவேனில் கொடுத்தும் குடிக்கவில்லை, பழனாத்தாள் கொடுத்தும் குடிக்கவில்லை. நாக்கு காய்ந்து வெடித்திருக்கிறது. மத்தியானம் இளவேனில் மருந்துக்கடைக்குப் போனாள். நான் மட்டும் இருந்தேன். டம்ளரை உதட்டில் வைத்து, "ஒரு வாய் குடிங்க" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும்.

"குடிங்க சாமி" என்றேன்.

குடித்தார்.

வாசலில் ஒரு விசும்பல் கேட்டது. பழனாத்தாள் எப்போது வந்தாளோ, நிலைப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நங்கை! உங்க வாயில சாமி பேரு வந்துச்சே, அது போதும் நங்கை. அவரு கரையேறிருவாரு" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றுதான் நான் அவளுக்கு நங்கை ஆனேன்.

ஏப்ரல் 23

விடிந்ததும் போய்விட்டார்.

மே 3

எல்லாரும் போய்விட்டார்கள். இன்றுதான் டைரியை எடுத்தேன்.

தன் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும், எந்தச் சடங்கும் கூடாது என்று அவர் தெளிவாக இருந்தபோதே சொல்லியிருந்தார். இளவேனில் அதைச் சொன்னாள். "அவரே சாமி சாமின்னு உசுர வுட்டாரு, அநாதையாட்ட அனுப்புவீங்களா? உங்கம்மாளே சாமி பேரச் சொல்லித்தான் கண்ணு தண்ணி குடுத்தாங்க" என்றாள் பழனாத்தாள். இளவேனில் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ சொல்லு."

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் கேட்டது அந்தச் சாமி இல்லை என்று சொல்லியிருந்தால் பழனாத்தாள் வாய் அடைத்திருக்கும். கூடம் நிறைய ஆட்கள். ஓரமாகத் தண்டபாணி, கறுப்புச் சட்டையில். நான், "அத்த சொல்றபடி நடக்கட்டும்" என்றேன். இளவேனில் என்னிடம் அதற்குப் பிறகு சரியாகப் பேசவில்லை. ஊருக்குப் போகும்போது, "அப்பாவ நீயே தோக்கடிச்சுட்டம்மா" என்றாள்.

அவர்கள் வீட்டுக் காட்டிலேயே எரித்தார்கள். தலைமுழுகிய வீடு இப்போது அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எனக்குத் தாலி அறுக்கும் சடங்கு செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் கல்யாணத்தில் தாலி இல்லை, மாலை மட்டும்தான். அறுப்பதற்காக ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்திருந்தார்கள். "கழுத்தக் குடுங்க நங்கை, கட்டிட்டு எடுத்தறலாம்" என்றாள். அதற்கு மட்டும் நான் மாட்டேன் என்றேன். "அவரு கட்டாதத நீங்க எதுக்குங்க அறுக்கறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நல்ல கயிறு, கொடியில் கட்டித் துணி போட வைத்துக்கொண்டேன்.

நேற்று தண்டபாணி தனியாக வந்தார். முருகன் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதைப் பார்த்தார். டீ குடித்தார். எழும்போது, "கடைசியா அவரு சொன்னது சாமிதானாம்மா?" என்றார்.

"இல்லீங்க தோழர்" என்றேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பழனாத்தாள் ஓடி வருவதற்கு முன்னால் நடந்தது. நான் அந்தச் சொல்லைச் சொன்னேன், அவர் குடித்தார். அவர் முன்னால் அழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினேன். வயசாகி என் இருமல் அப்பா இருமல் மாதிரியே ஆகிவிட்டது, கரகரவென்று.

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். கண் வாசலுக்குப் போனது.

"மாமாதான்?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "உள்ள வரச் சொல்லு, ரங்கு."

அவ்வளவுதான் பேசினார். பிறகு பேசவில்லை.

மூன்று மாதம் நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். புது டம்ளர் வாங்கினேன், படம் மாட்டினேன், பொய் சொன்னேன், அப்பா அவருக்காக விட்ட சொல்லை எடுத்து அவருக்கே சொன்னேன். ஒரு தடவை வாசலில் நின்று இருமிப் பார்த்திருக்கலாம்.